‘இருக்கிற வரைக்கும்’ என்று சொல்கிறவர்களுக்கு

லூபஸ் என்று தெரிந்த பெண்ணுக்குக் கள்ளக்குறிச்சிச் சுற்றுவட்டாரத்தில் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது. “இதுக்கு மருந்து கெடையாது. மாத்திரை தின்னா கிட்னி போயிடும், கண்ணு போயிடும். கல்யாணம் காட்சியெல்லாம் வேணாம். இருக்கிற வரைக்கும் நல்லா பாத்துக்குங்க.” பெரியம்மா சொல்வார், மருந்துக்கடைக்காரர் சொல்வார், நாட்டு வைத்தியர் சொல்வார், சில நேரம் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் போட்டவரே சொல்வார். கல்வராயன் மலைமேல் இதோடு இன்னொரு வரி சேரும்: “மலையில இருந்துக்கிட்டு இந்த வைத்தியமெல்லாம் கட்டுப்படியாவாது.”

இந்த வாதத்தை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. லூபஸை வேரோடு பிடுங்கும் மருந்து மருத்துவமனைகளில் இன்னும் வரவில்லை, உண்மை. இதற்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு முகத்தை வீங்கவைக்கும், எலும்பை அரிக்கும், சர்க்கரையைக் கூட்டும், அதுவும் உண்மை. இந்த நோய்க்கென்றே படித்த வாதநோய் நிபுணர்கள் சென்னை, கோவை, வேலூர், புதுச்சேரி என்று பெரிய ஊர்களில்தான் குவிந்திருக்கிறார்கள். மலைமேல் இருக்கும் வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் இறங்கி, கள்ளக்குறிச்சி வந்து, விழுப்புரம் வழியாகப் புதுச்சேரி ஜிப்மருக்குப் போய்த் திரும்புகிறவருக்குக் கூலி போகும், துணைக்கு வருகிறவரின் கூலியும் போகும். இவ்வளவையும் கூட்டிப் பார்த்துவிட்டு, ‘குணமாகாத ஒன்றுக்காக ஏழைக் குடும்பத்தை ஏன் அலைக்கழிக்க வேண்டும்?’ என்று கேட்பதில் இரக்கம் இருக்கிறது. கூட்டி வந்த விடை தப்பு என்பதுதான் என் வழக்கு.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் உடம்பின் மேலேயே பாய்வதுதான் லூபஸ். வேலியே பயிரை மேய்கிற கதை. 10 நோயாளிகளில் 9 பேர் பெண்கள், அதிலும் பெரும்பாலோர் 15 வயதுக்கும் 45 வயதுக்கும் நடுவில் இருப்பவர்கள். விரல் மூட்டெல்லாம் வலி, கன்னத்தில் சிவப்பு, வெயில் பட்டால் தடிப்பு, கொத்துக் கொத்தாக முடி உதிர்வு, வாய்ப்புண், விடாத காய்ச்சல், ஆளை அடித்துப்போடும் அசதி என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாகத் தொடங்கும். இரத்த அணுக்கள், நுரையீரல் உறை, மூளை எதையும் விடாது. அது மேய்கிற இடங்களில் ஆபத்தானது சிறுநீரகம்.

இனி மறுப்பு.

1. குணமாகாது என்றால் பிழைக்கமாட்டாள் என்று எந்தக் கணக்கில் வருகிறது?

சர்க்கரை நோய் குணமாவதில்லை. இரத்தக் கொதிப்பும் குணமாவதில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு முப்பது வருடம் ஓட்டிவிட்டுப் பேத்தி கல்யாணத்தில் பந்தி விசாரிக்கிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் ‘இருக்கிற வரைக்கும்’ என்று பேசுவதில்லை. லூபஸ் என்றதும் மட்டும் ஏன் குரல் தாழ்கிறது?

ஒரு காலத்தில் இந்தத் தீர்ப்பு சரியாகத்தான் இருந்தது. 1955இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 99 நோயாளிகளை வைத்துக் கணக்குப் பார்த்தபோது நான்கு ஆண்டுகளைத் தாண்டியவர்கள் ஏறக்குறையப் பாதிப் பேர். இன்று சிகிச்சை ஒழுங்காகக் கிடைக்கிற இடங்களில் பத்து ஆண்டுகளைத் தாண்டுகிறவர்கள் 100க்கு 90 பேர் அளவில் இருக்கிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ’கானர் வீட்டில் இந்த மாற்றத்தின் முதல் படியைப் பார்க்கலாம். அப்பாவுக்கு 1937 வாக்கில் நோய் தெரிந்தது, 1941இல் இறந்துபோனார். மகளை 25 வயதில் அதே நோய் பிடித்தது. அவர் 1964 வரை இருந்தார். அவருடைய இரண்டு நாவல்களும் நோய் கண்ட பிறகுதான் வெளிவந்தன. அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் 1949இல் கார்ட்டிசோன் வந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். நிறுத்தாமல் சாப்பிடும் மலேரியா மாத்திரை, சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகள், டயாலிசிஸ் எல்லாம் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தவை. நம் பெரியம்மா சொல்வது 1941ஆம் வருடத்துத் தீர்ப்பு.

இந்தியாவில் பிழைப்போர் கணக்கு மேல்நாட்டைவிடக் கீழேதான் இருக்கிறது. அதைக் காட்டி என்னை மடக்கலாம். ஆனால் இங்கே இந்த நோயாளிகள் எதனால் சாகிறார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: கட்டுக்கு அடங்காத நோய், அதோடு சேர்ந்த தொற்று. தாமதமாக வந்தது, நடுவில் மருந்தை விட்டது, காய்ச்சலை அலட்சியம் செய்தது ஆகியவைதான் இந்த இரண்டுக்கும் வழி திறக்கின்றன. ‘மருந்து கெடையாது’ என்ற பேச்சு இந்த மூன்றையும் ஊட்டி வளர்க்கிறது. முதலில் கையை விரிக்கிறோம், அதனால் ஆள் சாகிறாள், பிறகு அந்தச் சாவையே கைவிரித்ததற்குச் சாட்சியாகக் காட்டுகிறோம்.

இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. 1976இலேயே டொராண்டோ மருத்துவர்கள் கவனித்துச் சொன்ன சங்கதி: லூபஸ் நோயாளிகளின் சாவு இரண்டு அலைகளாக வருகிறது. முதல் அலை நோயாலும் தொற்றாலும். பல வருடம் கழித்து வரும் இரண்டாவது அலை மாரடைப்பால். அமெரிக்காவில் 1997இல் வந்த ஓர் ஆய்வில் 35 முதல் 44 வயது லூபஸ் பெண்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு அதே வயதுப் பிற பெண்களைவிட 50 மடங்கு இருந்தது. அப்படியென்றால் 28 வயதுப் பெண்ணுக்கு இரத்த அழுத்தமும் கொழுப்பும் இப்போதிருந்தே பார்க்க வேண்டும். ‘இருக்கிற வரைக்கும்’ என்று நினைக்கிறவர் இதைப் பார்ப்பாரா? இருபது வருடம் இருப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லையே.

பத்திரிகைகளுக்கும் இதில் பங்குண்டு. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் நோயாளியின் சொந்த அணுக்களையே எடுத்துத் திருத்தி உள்ளே செலுத்தி, மாத்திரையே இல்லாமல் லூபஸை அடக்கியிருக்கிறார்கள். 2021இல் தொடங்கியது, நல்ல செய்திதான். அதை ‘லூபஸுக்கு மருந்து வந்துவிட்டது’ என்று தலைப்புப் போட்டால், இதுவரை மருந்தே இல்லை என்றுதானே வாசிக்கிறவர் எடுத்துக்கொள்வார்?

2. கிட்னியைத் தின்பது மாத்திரையா, நோயா?

லூபஸ் நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. தொடக்கத்தில் வலி இருக்காது. சிறுநீர் நுரைத்துப் போகும், யாரும் கவனிக்க மாட்டார்கள். காலையில் கண்ணிமை வீங்கியிருக்கும், தூக்கம் சரியில்லை என்பார்கள். மாலையில் கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழும். அதற்குள் மாதக்கணக்கில் புரதம் ஒழுகியிருக்கும். இதே மாதங்களில் நோயாளி லூபஸ் மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள் அல்லவா? பழி மாத்திரை மேல் விழுகிறது.

இதில் ஒரு விபரீதத்தைக் கவனியுங்கள். கிட்னி போய்விடும் என்று பயந்து லூபஸ் மாத்திரையை நிறுத்தச் சொல்கிற அதே வாய், மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொல்லும். சிறுநீரகத்தை உண்மையிலேயே கெடுக்கக்கூடிய மாத்திரை அந்த வலி மாத்திரைதான். சீட்டு இல்லாமல், கேட்ட மாத்திரத்தில் கிடைப்பதும் அதுதான்.

புரதம் ஒழுகுகிறதா என்று பார்க்க என்ன வேண்டும்? கர்ப்பிணிப் பெண்களுக்குத் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் சிறுநீரில் ஆல்புமின் பார்க்கிறாரே, அந்தப் பரிசோதனைதான் முதல் படி. மலையிலும் அது நடக்கிறது. கர்ப்பம் இல்லாத லூபஸ் பெண்ணுக்கு அதைச் செய்யக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சிறுநீரில் நனைக்கும் பட்டியில் நிறம் மாறினால் அடுத்தது அளவுப் பரிசோதனை. ஒரு நாளைக்குப் புரதம் அரை கிராமைத் தாண்டுகிறதென்றால் ஊசி வைத்துச் சிறுநீரகத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டிய கட்டம். அந்தக் கட்டத்தில் பிடித்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். விட்டுவிட்டால் டயாலிசிஸ். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் டயாலிசிஸுக்குப் பணம் கொடுக்கிறது, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கடைசிப் படியில் வாரி இறைத்துவிட்டு முதல் படியில் ஒரு பட்டிக்குக் கணக்குப் பார்க்கிற ஏற்பாட்டை யாரும் கேள்வி கேட்பதில்லை.

3. ஸ்டீராய்டு விஷம் என்றால், அதை விற்பது யார்?

கள்ளக்குறிச்சி என்றில்லை, எந்தச் சின்ன ஊரிலும் மருந்துக்கடை வாசலில் அரை மணி நேரம் நின்று பார்க்கலாம். “அந்தச் சின்ன வெள்ள மாத்திரை பத்து குடு, போன தடவ கேட்டதே.” கத்தரிக்கோலால் அட்டையை வெட்டிக் கொடுப்பார்கள். வெட்டிய இடத்தில் பெயரின் பாதி போயிருக்கும், மிச்சப் பாதியில் மில்லிகிராம் இருக்காது. பெண் அதை ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு போவாள். அது பெட்டாமெத்தசோனாகவோ பிரெட்னிசலோனாகவோ இருக்கும். ஊசி என்றால் டெக்சாமெத்தசோன். ‘ஒரே ஊசியில எழுந்து உக்காந்துட்டா’ என்று பெயர் வாங்கிய வைத்தியங்களில் எத்தனை இந்த வகை! மூலிகைப் பொடி என்ற பெயரில் விற்கப்படும் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது நாட்டின் பல இடங்களில் சோதனையில் பிடிபட்டிருக்கிறது. ஆக ஸ்டீராய்டுக்குப் பயந்து ஓடுகிறவர்கள் பல நேரம் அளவு தெரியாத ஸ்டீராய்டின் மடியிலேயே போய் விழுகிறார்கள்.

ஒழுங்கான சிகிச்சையில் ஸ்டீராய்டின் இடம் வேறு. நோய் கொழுந்துவிட்டு எரியும்போது அதிக அளவு, அடங்கியதும் படிப்படியாகக் குறைப்பு. ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பு 2019இல் நாளுக்கு 7.5 மில்லிகிராமுக்குள் கொண்டுவரச் சொன்னது. 2023இல் அதை 5 மில்லிகிராமாக்கி, முடிந்தால் அறவே நிறுத்தச் சொன்னது. கூட்டிக்கொண்டே போகச் சொல்லும் வைத்தியம் அல்ல இது. குறைப்பதற்கு வழி செய்வதற்காகத்தான் அசத்தயோப்ரின், மைக்கோஃபினலேட் போன்ற மருந்துகளைச் சேர்க்கிறார்கள்.

பயமுறுத்துகிறவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்த உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்தி வைத்திருக்கும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். ‘எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு இந்தச் சூரணத்தச் சாப்பிடு’ என்பதுதான் இந்த வட்டாரத்தில் ஒரு லூபஸ் நோயாளிக்குக் கிடைக்கக்கூடிய மிக மோசமான ஆலோசனை. சூரணம் நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்கே நான் போகவில்லை.

4. கண் போய்விடும் என்ற பயத்துக்கு அளவு உண்டா, இல்லையா?

லூபஸ் வைத்தியத்தின் அடித்தளம் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். மலேரியாவுக்கு வந்த மருந்தினம். 1951இல் லண்டனில் பேஜ் என்ற மருத்துவர் மலேரியா மாத்திரை கொடுத்து லூபஸ் தோல் புண்கள் ஆறுவதை எழுதினார். அதிலிருந்து வந்த வழி இது. 1991இல் கனடாவில், இந்த மாத்திரையால் நோய் அடங்கியிருந்த 47 பேரில் ஒரு பாதிக்கு அதையே தொடர்ந்தார்கள், மறுபாதிக்குச் சத்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்தார்கள். வெற்று மாத்திரைக்காரர்களுக்கு நோய் மறுபடி கிளம்பும் வாய்ப்பு 2.5 மடங்காக இருந்தது. கடையில் ஒரு மாத்திரை ஏழெட்டு ரூபாய்க்குள் கிடைக்கிறது. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது.

கண் விழித்திரையை இது பாதிக்கலாம் என்பது உண்மைதான். எவ்வளவு? எடை கிலோ ஒன்றுக்கு நாளைக்கு 5 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொண்டால் முதல் பத்து ஆண்டுகளில் 100க்கு 2 பேருக்கும் குறைவு. 20 ஆண்டுகளுக்குமேல் போனால்தான் ஏறுகிறது. அதனால்தான் தொடங்கும்போது ஒரு கண் பரிசோதனை, ஐந்து ஆண்டுக்குப் பிறகு வருடம் ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். 40 கிலோ எடையுள்ள பெண்ணுக்குத் தினம் 400 மில்லிகிராம் எழுதினால் கேள்வி கேளுங்கள், 200 போதும். பயத்துக்கு விடை எடைக்கருவியிலும் கண் மருத்துவரிடமும் இருக்கிறது. குப்பைத்தொட்டியில் இல்லை.

2020 மார்ச்சில் இதே மாத்திரையைக் கொரோனா தடுப்புக்கென்று மருத்துவப் பணியாளர்களுக்கு அரசே பரிந்துரைத்தது. ஏற்றுமதியைத் தடை செய்தார்கள், கடைகளில் கட்டுப்பாடு வந்தது, நோயில்லாதவர்கள் வாங்கிப் பதுக்கினார்கள். லூபஸ்காரர்கள் கடை கடையாக அலைந்தார்கள். அன்றைக்குக் கண் போகும் என்று ஒருவரும் பயந்ததாக எனக்கு நினைவில்லை.

5. வேலிக்கு உரம் போடச் சொல்கிறீர்களா?

‘எதிர்ப்புச் சக்தி கொறஞ்சு போச்சு, அதான் இந்த நோவு, சக்திய ஏத்துனா சரியாயிடும்.’ கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. இந்த நோயில் நடப்பது நேர்மாறு. தறிகெட்டுப் பாய்கிற எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிட்டால் மேய்ச்சல் கூடும். கொரோனா காலத்தில் சீந்தில் கொடியைக் காய்ச்சிக் குடிக்கும் பழக்கம் நாடெங்கும் பரவியது. 2021இல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் குடித்தவர்களிடம் கல்லீரல் அழற்சியைக் கண்டு எழுதினார்கள். உடம்பின் எதிர்ப்பாற்றலே கல்லீரலைத் தாக்கும் வகை. அடுத்து நாட்டின் வேறு வேறு மருத்துவமனைகளும் இதையே பதிவு செய்தன. தன்னெதிர்ப்பு நோய் ஏற்கெனவே இருப்பவர்கள் இதைத் தொடாமல் இருப்பதுதான் புத்தி. கல்வராயன் மலையின் மூலிகை அறிவை நான் குறைத்துப் பேசவில்லை. கடுக்காய் அதன் வேலையைச் செய்யும். இந்த நோய் அதன் வேலை அல்ல.

6. கல்யாணம் கூடாது, பிள்ளை கூடாது என்று சட்டம் போட்டது யார்?

பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள்தான் இந்தச் சட்டத்தின் விலையைக் கொடுக்கிறார்கள். மருத்துவம் சொல்வது வேறு: நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்க வேண்டும், கர்ப்பம் திட்டமிட்டதாக இருக்க வேண்டும். மைக்கோஃபினலேட் கருவைப் பாதிக்கும், ஆறு வாரம் முன்பே நிறுத்தி அசத்தயோப்ரினுக்கு மாற வேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை நிறுத்தவே கூடாது. ‘மாசமா இருக்கும்போது மாத்திர ஆவாது’ என்று அதைப் பிடுங்கி வைக்கிற மாமியார், குழந்தைக்கு நன்மை செய்வதாக நினைத்து நோயைக் கிளப்பிவிடுகிறார். ஆன்டி-ரோ என்ற எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தால் 100 குழந்தைகளில் இரண்டு அளவுக்கு இதயத் துடிப்பு தடைபடலாம். அதற்கும் முன்கூட்டியே பரிசோதனை இருக்கிறது. சிறுநீரகம் மோசமாகிவிட்டவர்களுக்குக் கர்ப்பம் ஆபத்துதான், மறைக்கவில்லை. ஆனால் ஒருவருக்கு ஆகாது என்பதை வைத்து எல்லாப் பெண்களுக்கும் கதவைச் சாத்துவது மருத்துவம் இல்லை.

கருத்தடைக்கும் யோசனை தேவை. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை பலருக்கு ஆகாது. திட்டமிடாத கர்ப்பத்தில் சிக்குவது பெரும்பாலும் இந்தப் பேச்சையே யாரும் எடுக்காததால்தான்.

7. ‘நம்ம ஊர்ல ஆவாது’ என்பது எந்த ஊரைப் பற்றி?

மற்ற வாதங்கள் எல்லாம் தோற்றாலும் இது நிற்கும் என்று நினைக்கிறார்கள். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பொது மருத்துவம், தோல், கண், மகப்பேறு, ஆய்வகம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்க வேண்டிய இடம். லூபஸ் நோயாளிக்கு மாதாமாதம் தேவைப்படுவதில் பெரும்பகுதி இவைதான். வாதநோய் நிபுணரை மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை பார்த்தால் போதும். சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையிலும் ஜிப்மரிலும் இதற்கென்றே துறை இருக்கிறது. திட்டத்தை அங்கே வகுத்துக்கொண்டு இங்கே நடத்தலாம். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் அப்படித்தான் நடக்கிறது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, நோயாளிகளை ஆம்புலன்ஸ்களில் ஜிப்மருக்கும் சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் கொண்டு போனார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை என்னவென்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. அதே சாலைகள், அதே மருத்துவமனைகள். ஒரே நாளில் பலர் செத்தால் தூரம் ஒரு பொருட்டாக இல்லை. ஒருத்தி மூன்று வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரகத்தை இழந்தால் மட்டும் மலை உயரமாகிவிடுகிறது.

வைத்தியம் ஏழைக்கு எட்டாதா? சிறுநீரக லூபஸுக்கு ஐரோப்பியர்கள் வகுத்த ஒரு முறை உண்டு: சைக்ளோபாஸ்பமைட் 500 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் ஆறு தடவை. மூன்று மாதத்தில் முடிந்துவிடும். மருந்தும் பழையது, மலிவானது. சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவர்கள் 100 நோயாளிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து இதையும் விலை கூடிய மைக்கோஃபினலேட்டையும் ஒப்பிட்டு 2016இல் வெளியிட்டார்கள். இரண்டு பக்கமும் 50க்கு 37 பேருக்குப் பலன். ஜிப்மரிலிருந்து 2018இல் வந்த ஆய்வு, இந்தக் குறைந்த அளவைவிடப் பழைய அதிக அளவே மேல் என்றது. எது சரி என்று மருத்துவர்கள் மல்லுக்கட்டட்டும். நான் கேட்பது வேறு. பக்கத்து ஊர் மருத்துவமனையில், நம்மைப் போன்ற நோயாளிகளை வைத்துக்கொண்டே, எந்த அளவு சிறந்தது என்று ஆராய்ச்சி நடக்கிறது. அந்த ஊருக்குப் பஸ் போகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு மருந்தே கிடையாது என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

நிபுணரைவிட உள்ளூர் மருத்துவர் மேலாக இருக்கும் இடமும் உண்டு. மழைக்கும் பனிக்கும் நடுவிலான மாதங்களில் இந்த வட தமிழ்நாட்டுப் பகுதியில் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சல் வரும். புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிப்பூச்சி கடிப்பதால் வருவது; கடித்த இடத்தில், அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ, பலருக்குச் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருப்புத் தழும்பு இருக்கும். மரவள்ளிக் காட்டில் வேலை செய்கிற லூபஸ் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் அது நோய் கிளம்பியதா, பூச்சியா? முன்னதற்கு ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டும், பின்னதற்கு டாக்சிசைக்ளின் வேண்டும். மாற்றிச் செய்தால் கதை முடிந்தது. சேலை மடிப்பை விலக்கித் தழும்பைத் தேடத் தெரிந்த ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அந்த நேரத்தில் எந்தப் பெரிய பட்டத்துக்கும் குறைந்தவர் இல்லை. காசநோய்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வெயில் ஆகாது, அதனால் வேலைக்கே போகக் கூடாது என்பார்கள். காலையில் சீக்கிரம் போய்ப் பத்து மணிக்குள் காட்டைவிட்டு ஏறிவிடலாம், மாலை நாலுக்குமேல் மறுபடி இறங்கலாம், முழுக்கை சட்டையும் குடையும் உண்டு. நூறு நாள் வேலையில் நிழலில் செய்யும் பங்கைக் கேட்டு வாங்கலாம். சம்பாதிப்பவளுக்கு வீட்டில் மாத்திரையும் வந்து சேரும். இதை விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஆள் கணக்கு. 1990களின் தொடக்கத்தில் டெல்லிக்கு அருகே கிராமப்புறத்தில் மருத்துவர் மாளவியாவின் குழு எடுத்த கணக்கில் லட்சத்துக்கு 3.2 பேருக்கு லூபஸ் இருந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மக்கள் தொகை 13 லட்சத்துக்கு மேல். அந்தக் கணக்குப்படி மாவட்டம் முழுக்க நாற்பது சொச்சம் பேர். பழைய கணக்கு, குறைத்தே பிடித்திருக்கும். மூன்று மடங்காக்குங்கள், 130. மலையில் ஒரு கைப்பிடி. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு போகிறது. அந்தப் பையில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் அட்டையைச் சேர்த்தால், 130 பேருக்கும் கடை விலைக்கே வாங்கினாலும், மாதம் ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் முடியும். இரத்த அழுத்தம் பார்க்கிற அந்தப் பணியாளரே சிறுநீர்ப் பட்டியையும் நனைத்துப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். பெயர், எடை, மாத்திரை அளவு, கடைசியாகச் சிறுநீர் பார்த்த தேதி, கண் பார்த்த தேதி, ஸ்டீராய்டு எத்தனை மில்லிகிராம், மாத்திரை தீரும் நாள். வெளியூர் வேலைக்குப் போகிற குடும்பம் என்றால் போகும் முன் மூன்று மாத மாத்திரை சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு. இந்தப் பதிவேட்டைத் தொடங்க மாவட்ட நிர்வாகத்துக்குப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய பதவி வேண்டாம். மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும்.